கண்ணாடிக் குருவி கும்பிட்ட வீடு

உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாள். உங்களில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. மூத்தவன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அவள் போய்விட்டாள். அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவளுடைய போட்டோ ஒன்றுகூட நம்மிடம் இல்லை. எடுக்கவில்லை.

சின்ன வயதில் உங்களுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே நான் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவேன். செம்பூர் டாக்டர் ஒருமுறை தெர்மாமீட்டரை உதறிவிட்டு, "காய்ச்சல் பிள்ளைக்கு இல்லை, உங்களுக்குத்தான்" என்றார். நீங்கள் வளர்ந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் அப்படி ஓடினேன் என்று சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். உங்களுக்கோ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் சின்னச் சின்னதாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அது அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் தாராவியில் இருந்தோம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. பம்பாயில் அதைக் கோலி என்போம். தகரக் கூரை. சந்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கோலிகள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். அந்த வரிசையிலேயே எங்கள் கோலியில் மட்டும்தான் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே பலகை அடித்து, அதில் உங்கள் அம்மா மாரியம்மன் படத்தை வைத்திருந்தாள்.

எனக்குக் குர்லாவில் போல்ட் செய்கிற பட்டறையில் வேலை. நான் செய்பவன் இல்லை, பார்ப்பவன். கேஜ் என்று ஒரு இரும்பு வளையம் கையில் இருக்கும். போல்ட் அதற்குள் நுழைந்தால் நல்லது, நுழையாவிட்டால் கழிவு. நாள் முழுவதும் அதே வேலை. கேள்வி ஒன்று, பதில் இரண்டில் ஒன்று. ஐந்தாறு வருடம் அப்படிப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்த விஷயத்துக்கும் சரியான கேஜ் கிடைத்தால் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சாமி உண்டா இல்லையா என்பதும் அப்படி ஒரு விஷயமாகத்தான் எனக்கு இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. பக்கத்துக் கோலியில் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர். அவருக்கும் சந்தேகம் இல்லை. அவர் மனைவி விடிந்ததிலிருந்து பத்து மணிவரை இடியாப்பமும் புட்டும் அவித்து விற்பார். அவர்களை அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுவோம். எதிர்க் கோலியில் இஸ்திரி போடுகிறவர். ஊரில் கறுப்புச் சட்டைக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர். சாமி இல்லை என்பதில் அவருக்கும் சந்தேகம் கிடையாது. குழாயடியில் இவர்கள் மூவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நடுவில் நிற்பவன் நான்.

ஒருநாள் சாயந்தரம் அண்ணாச்சி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. உங்கள் அக்கா என்றால் உயிர். பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குருவி இருந்தது. வயிறு ஒரு உருண்டை, அதில் பாதி அளவுக்குச் சிவப்புத் தண்ணீர். குழாய் மாதிரி நீளக் கழுத்து. தலையிலும் அலகிலும் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. இரண்டு தகரக் காலில் அது நின்றது. அலகை ஒருமுறை நனைத்து, முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். குருவி முன்னும் பின்னும் ஆடியது. ஆடி ஆடி, மெதுவாகக் குனிந்து தண்ணீரில் அலகை வைத்தது. நிமிர்ந்தது. மறுபடி ஆடத் தொடங்கியது.

"சாவி எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சாவியும் இல்ல, பேட்டரியும் இல்ல. கப்பல்காரன் ஒருத்தன் குடுத்தான். பிள்ளைக்கு வெளையாட்டுக் காட்டும்னு வாங்கியாந்தேன்."

"பின்ன எது அத ஆட்டுது?"

"எனக்கென்ன வே தெரியும்? நான் மூட்டை தூக்குதவன்."

உங்கள் அக்கா தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். பிறகு, "அம்மா, குருவி கும்புடுது" என்றாள். அது ஒவ்வொரு முறை குனியும்போதும் அவளும் இரண்டு கையையும் சேர்த்துக் குனிந்தாள். குருவி நிமிரும்வரை நிமிர மாட்டாள். அன்றிலிருந்து அதற்குக் கும்புடு குருவி என்று பெயர்.

பிள்ளை சொன்ன அந்த வார்த்தைதான் என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. எதுவும் தள்ளாமல் ஒரு பொருள் தானாகக் குனிகிறது. குனிந்தால் யாரையோ பார்த்துத்தானே குனிய வேண்டும்? அப்படியென்றால் சாமி இருக்கிற இடத்தில் அதிகமாகவும் இல்லாத இடத்தில் குறைவாகவும் குனிய வேண்டும். எனக்கு ஒரு கேஜ் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நான் இதைக் கிண்டலாகச் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனையை வைத்தேன். ஒரு ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம்தான் அளவு. முதலில் எங்கள் அம்மன் படத்துக்கு முன்னால் பலகையில் வைத்தேன். சந்தில் இருந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நான் கரியால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டு முறை குனிந்தது. உங்கள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இஸ்திரிக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன வே, சாமிக்கே பரீட்சை வைக்கீரா? பாஸ் மார்க்கு எத்தன?" என்றார்.

"முப்பத்தஞ்சு" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்ததாக அண்ணாச்சியின் கோலிக்குக் கொண்டு போனேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "பொம்மைய வச்சுக் கர்த்தரச் சோதிக்கக் கூடாது தம்பி. எங்கள்ல அது பாவம்."

"சோதிக்காம எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"தெரிய வேண்டியது தெரிஞ்சுதான இருக்கு" என்றார். ஆனால் வாசலை மறிக்கவில்லை.

அவர் வீட்டில் சிலுவை மாட்டியிருந்த சுவருக்குக் கீழே குருவியை வைத்தேன். உள்ளே இடியாப்பக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் சுவரெல்லாம் வேர்த்து வடிந்தது. குருவி ஒரே ஒரு தடவை குனிந்தது. பிறகு லேசாக ஆடியது. பிறகு நின்றுவிட்டது. ஊதுபத்தி முடிகிறவரை அசையவில்லை.

அண்ணாச்சி வீட்டு அக்கா இடியாப்பத் துணியைப் பிழிந்துகொண்டே, "எங்க வீட்டுல ஆண்டவர் இல்லன்னு குருவி சொல்லுதோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பதிலாகிவிட்டது. அண்ணாச்சி வெளியே போய்விட்டார்.

அப்போது இஸ்திரிக்காரர் கூப்பிட்டார். "என் கோலிக்குக் கொண்டாரும் வே. அங்க சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. என்ன செய்யுதுன்னு பாத்துருவோம்."

"உம்ம இஸ்திரிச் சூட்டுல குருவி பொரிச்ச கோழியால்லா போவும்!" என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

"இல்லாத எடத்துல என்னத்தச் சோதிக்க?" என்று நானும் சிரித்துக்கொண்டே குருவியை எங்கள் கோலிக்கு எடுத்து வந்துவிட்டேன்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நாம் அளக்கிற கேஜையே சில மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு கேஜால் அளந்து பார்ப்பார்கள். தேய்ந்த கேஜ் எல்லா போல்ட்டையும் நல்லது என்று சொல்லிவிடும். இது எனக்குத் தினமும் தெரிந்த விஷயம். அவர் கூப்பிட்டபோது நான் போயிருக்க வேண்டும். எதிரே மூன்று எட்டு. போகவில்லை.

ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாதபோது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. உங்கள் அம்மாவை எனக்குக் கொடுக்கலாமா என்று அவள் அப்பாவும் அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் சந்தில் பூவுக்குப் பதிலாகக் குருவி வந்துவிட்டது. ஊருக்குப் போகலாமா, மில்லில் வேலை கேட்கலாமா என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். உங்கள் அம்மா அலகை நனைத்து வைப்பாள். "பூவை விட இது தேவல. கண்ணு முன்னால சொல்லுது" என்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று அது ஒருவருக்கும் சொன்னதில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

மாசி மாதம். பனி விட்டு வெயில் ஏறுகிற நேரம். காற்றில் ஈரமே இல்லை, உதடு வெடித்தது. உங்கள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து மூக்கு ஒழுகியது. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்து, முகம், நெஞ்சு என்று இறங்கியது. மணல்வாரி. அம்மை என்றுதான் எங்களுக்குச் சொல்லத் தெரியும். ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். உங்கள் அம்மா நிலையில் வேப்பிலை கட்டினாள். தாளிப்பதை நிறுத்தினாள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. முத்து வாடிய பிறகு ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதோடு ஆத்தா இறங்கிப் போய்விடுவாள். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விடும். அதுவரைக்கும் எங்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அவளுக்கும் முத்து வாடத் தொடங்கியது. கஞ்சி கேட்டாள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். அன்று மத்தியானம் காய்ச்சல் திரும்ப ஏறியது. இந்தத் தடவை வேறு மாதிரி. மூச்சு வேகமாக வந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. அழக்கூட அவளால் முடியவில்லை.

"ஏட்டி, மூச்சப் பாரு. கிங்ஸ் சர்க்கிள் டாக்டர்ட்ட கொண்டு போவோம்" என்றேன்.

"தண்ணி ஊத்தாம எப்படிக் கொண்டு போக? ஆத்தா இன்னும் வீட்டுலதான் இருக்கா."

"முத்தெல்லாம் வாடிட்டே. எறங்கிட்டா."

"நீங்க சொன்னா எறங்கிருவாளா? ஊசி போட்டாக் கோவப்படுவா. எங்க சித்தி மவனுக்கு மருந்து குடுத்துத்தான் கண்ணு போச்சு. எம் பிள்ளைக்குக் கண்ணு வேணும்."

"உசுரு வேண்டாமா?"

அவள் அழத் தொடங்கினாள். நான் அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்திருக்கலாம். உங்கள் அம்மா தடுத்திருப்பாள், கத்தியிருப்பாள், பிறகு பின்னாலேயே வந்திருப்பாள். நான் தூக்கவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா? "குருவியக் கேட்டுப் பாப்போம்" என்றேன். இதை நன்றாகக் கவனியுங்கள். உங்கள் அம்மா கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

விதியையும் நானே வைத்தேன். ஊதுபத்தி முடிவதற்குள் பத்து முறை குனிந்தால் ஆத்தா வீட்டில் இருக்கிறாள், தண்ணீர் ஊற்றுகிறவரை காத்திருக்கலாம். குனியாவிட்டால் உடனே டாக்டர். உங்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தாள். நியாயமான ஏற்பாடு என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். என் மனதுக்குள் இன்னொன்றும் இருந்தது. நானாகத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் என்னைத்தான் சொல்வார்கள். குருவி சொல்லிவிட்டால் என் மேல் பாரம் இல்லை. உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தவன், கடைசியில் பாரத்தைத் தள்ளிவிட ஒரு ஆள் தேடினேன்.

ஜன்னல் வழியாகக் காய்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. ஊதுபத்தி பாதி எரிவதற்குள் குருவி பத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. பாயில் படுத்திருந்த உங்கள் அக்கா அதைப் பார்த்தாள். கும்பிடுவதற்காக ஒரு கையைத் தூக்கினாள். இன்னொரு கையைக் கொண்டுவந்து சேர்க்க அவளால் முடியவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். ஆமாம், போனேன். போல்ட்டுகளை வளையத்தில் விட்டு விட்டு எடுத்தேன். சாயந்தரம் வந்து பார்த்தபோது அதே மூச்சு. நாளை கழித்துத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்றாள் உங்கள் அம்மா. அடுத்த நாளும் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனசு கேட்காமல் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

சந்துக்குள் நுழையும்போதே இஸ்திரிக்காரர் வெளியே வந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி இல்லை.

"பிள்ளை மூச்சு எங்கோலி வரைக்கும் கேக்கு வே. என்ன செய்யப் போறீரு?"

"ஆத்தா இருக்கா. குருவி சொல்லிட்டு" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தக் குருவிய ஒரு நிமிசம் இங்க கொண்டாரும்" என்றார்.

நான் எடுத்து வந்தேன். மூன்று எட்டு. அவர் மேஜையில் துணிகளை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். எதிரே வெறும் சுவர். படம் இல்லை, காலண்டர் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. கரியடுப்பின் சூட்டில் அறை காய்ந்து கிடந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி அலகை நனைத்துவிட்டேன். குருவி ஆடியது. குனிந்தது. நிமிர்ந்தது. குனிந்தது. எங்கள் கோலியில் குனிந்ததைவிட வேகமாக அந்த வெறும் சுவரைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தது.

சாமி இல்லை என்று நிரூபித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது ஒன்றுதான்: "தூக்கிட்டு ஓடும்."

பிள்ளையைத் தூக்கினேன். உங்கள் அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன். அவளும் இழுத்தாள். "அங்க வெறுஞ்செவுத்தையும் கும்புடுதுட்டி! எல்லாத்தையும் கும்புடுது!" என்று கத்தினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை, கையை விட்டாள். செருப்பில்லாமல் என் பின்னால் ஓடி வந்தாள். இஸ்திரிக்காரர் முன்னால் ஓடி மெயின் ரோட்டில் ஒரு டாக்சிக்குக் குறுக்கே போய் நின்றார்.

கிங்ஸ் சர்க்கிளில் அந்த டாக்டர் வயதானவர். மாட்டுங்காவில் வெகுகாலமாக இருக்கிற குடும்பம். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்கறது?"

"ரெண்டு நாளாய்யா."

"ரெண்டு நாளா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

குருவியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு ஊசி போட்டார். சீட்டு எழுதிக் கையில் திணித்து, "நிக்காதேங்கோ. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நிமோனியா. ரெண்டு பக்கமும் ஏறிடுத்து" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தினார்கள். அண்ணாச்சி துறைமுகத்திலிருந்து நேராக வந்தார். என் பக்கத்தில் சுவரோரமாக நின்று, வாய் மட்டும் அசைய ஜெபம் செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் ஆண்டவர் இல்லை என்று சொன்னவன் பிள்ளைக்காக. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் உங்கள் அக்கா இறந்தாள்.

வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர். என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு இந்தியில் சொன்னார். அம்மைக்குப் பின்னால் இந்த நிமோனியா வருவதுண்டு என்றார். இதற்கு மருந்து இருக்கிறது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். உங்கள் அம்மாவுக்கு அப்போது இந்தி அவ்வளவாக வராது. வராந்தாவின் அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"எப்பக் கொண்டாந்திருந்தாலும் இதுதானாம்" என்றேன்.

"அப்ப ஆத்தாதான் எடுத்துக்கிட்டா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அந்தக் குருவியக் குடுங்க தம்பி" என்றார். எதிர்க் கோலி மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. பிள்ளைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவர். அந்த மனிதர் அதற்காகத் தனக்குள் என்ன பட்டாரோ. மழைக்காலத்துக்கு முன்பே கோலியை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்களும் அடுத்த வருடம் செம்பூருக்கு வந்துவிட்டோம்.

அந்தக் குருவி ஏன் குனிந்தது என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. மூத்தவன் ஹைஸ்கூலில் சயின்ஸ் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். அவனுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. "ஏன்ப்பா திடீர்னு?" என்றான். சும்மா என்றேன். வாத்தியாரிடம் கேட்டு வந்து சொன்னான். தலையில் உள்ள ஈரம் காயும்போது தலை குளிரும், அந்தக் குளிர் வயிற்றில் உள்ள தண்ணீரை மேலே இழுக்கும், பாரத்தில் தலை சாயும், அவ்வளவுதான் என்றான். காய்ந்த இடத்தில் நன்றாக ஆடும், ஆவி நிறைந்த இடத்தில் நின்றுவிடும் என்றும் சொன்னான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இடியாப்ப ஆவியையும் ஜன்னல் காற்றையும் நான் சாமி என்று எண்ணி, சுவரில் கோடு போட்டிருக்கிறேன்.

சாமி உண்டா என்று நீங்கள் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. குருவி வெறும் சுவரைக் கும்பிட்டதால் சாமி இல்லை என்றும் ஆகிவிடாது. அது எதையுமே சொல்லவில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்குகிற பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, அதனிடம் போய் நான் கேட்டேன். எனக்கு வந்த அடையாளம் பிள்ளையின் விலாவில் இருந்தது. கண்ணால் பார்த்தேன், வாயாலும் சொன்னேன். பிறகு அதை நம்பாமல் திரும்பிக்கொண்டேன்.

மூத்தவனுக்கு மூன்று வயதில் மணல்வாரி போட்டபோது, நான் சட்டையை மாட்டுவதற்கு முன்பே உங்கள் அம்மா அவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியோ, கோபத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு ஆஸ்பத்திரில அந்த டாக்டரு வேற என்னமும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இந்தப் பொய்யால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், குருவியைக் கேட்கச் சொன்னது யார் என்று அவள் நினைத்துப் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்தான் அது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று அவள் சொன்னபோது, நான் செய்ததையும் ஆத்தா தலையில் ஏற்றிவிட்டேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் படித்து முடித்ததும் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். டாக்டர் சொன்ன இடத்தை விட்டுவிட வேண்டாம். நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பேன்.